எனக்கு முன்னால் நடக்கிறவள்

ஜனவரி 14, ஞாயிறு

பனி நன்றாகப் பிடித்திருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் குனிந்து காலணிக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டிருந்தபோது கிதே வந்தார். கூடவே அவள்.

கல்யாணம் செய்துகொண்டார் என்று போன இலையுதிர்காலத்திலேயே காதில் விழுந்ததுதான். மலைக்குக் கூட்டி வருவார் என்று நினைக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் எங்களுக்கு விவாகரத்து ஆனபோது வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மலைக் குழுவை மட்டும் விடமாட்டேன் என்றேன். அவரும் விடமாட்டேன் என்றார். அதிலிருந்து அவர் வரிசையில் முதல் ஆள், நான் கடைசி ஆள். கடைசியாக வருவது குழுவில் ஒரு பொறுப்பு. யாரும் பின்தங்கித் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் இத்தனை பேர் இருக்கும்போது நாங்கள் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று அவர் வழக்கம்போல முன்னால் போய்விட்டார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவள் ஒவ்வொருவராக வழிவிட்டு வழிவிட்டு, கடைசியில் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

பெயர் தோ போங்ஹீ. யாங்டோங் சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கிறாளாம். உருண்டை உடம்பு. புத்தம் புதிய ஊதாச் சட்டை, விலைச் சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் கழுத்துப் பக்கம் தொங்கியது. இரும்பு முள்ளை முன்பின் மாற்றி மாட்டியிருந்தாள்.

"நீங்கதான் கும்ரான் அக்காவா?" என்றாள்.

அக்காவா! யாருக்கு யார் அக்கா? சக்களத்தி என்று மனதுக்குள் திட்டவும் வழியில்லை, நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே. குனிந்து அவளுடைய முள்ளைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன். கடைசி ஆளின் வேலை அது. வேறொன்றும் இல்லை.

குழுத் தலைவர் சோன், "அப்போ மூத்தவங்களும் இளையவ—" என்று ஆரம்பித்துவிட்டு, பெரிதாக இருமினார்.

முதல் கணவாய்க்குப் பாதி வழியிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் இரண்டு பேரும் மேலே போகவில்லை. முதுங் மலையின் கல்தூண்களில் பனி பூத்திருக்கும் வாரம் இது. வருஷத்தில் எனக்குப் பிடித்த ஞாயிறு. போயிற்று.

ஜனவரி 28, ஞாயிறு

மறுபடி வந்திருக்கிறாள். இனி வரமாட்டாள் என்று போன வாரம்தான் நிம்மதியாக இருந்தேன்.

ஏறுவதில்கூடப் பயமில்லை அவளுக்கு, இறங்குவதில்தான். சரிவில் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றுகொண்டு அழுதாள். சத்தம் இல்லாமல், கண்ணீர் பாட்டுக்கு வழிகிறது. நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறவள். பயந்தவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். சிலர் கத்துவார்கள், சிலர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் அழுதுகொண்டே எந்தக் கல்லில் அடுத்த காலை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

பிறகு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தே வழுக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே எல்லோரும் கைதட்டினார்கள். கிதே தட்டவில்லை, வேறு பக்கம் பார்த்தார்.

என் வலது கால் முழு நேரமும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

பிப்ரவரி 18, ஞாயிறு

சந்திரப் புத்தாண்டு விடுமுறை. மகள் டாசோம் இன்ச்சொனிலிருந்து வந்திருக்கிறாள். மலைக்குப் போகவில்லை. நாள் முழுக்கச் சாப்பாடு, டிவி.

மார்ச் 11, ஞாயிறு

இன்று தெரிந்த விஷயம். சந்தைக்குச் சரக்கு வருவதற்கு முன்னால், காலையில் ஒவ்வொரு நாளும் அவள் தனியாக மலையடிவாரக் கோயில் படிக்கட்டு வரை நடந்துவிட்டுப் போகிறாள். நானாகக் கேட்கவில்லை. கோயிலடியில் காப்பி விற்கிற பெண் அவளைப் பார்த்ததும் பழகியவள்போலச் சிரித்து, "இன்னிக்கு லேட்டா வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். போங்ஹீயின் காது சிவந்துவிட்டது.

"அவரு கூட்டிட்டு வராரா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவரா? வேண்டாம்னுதான் சொன்னாரு. நீ வந்தா மத்தவங்களுக்குத் தொந்தரவுன்னாரு."

"பின்ன எதுக்கு?"

"கடையில உக்காந்தா ரெண்டு கூரைக்கு நடுவுல இந்த மலை தெரியும் அக்கா. வெயில்ல ஒரு நிறம், மழையில ஒரு நிறம். இத்தனை வருஷமா நெத்திலி பொரட்டிக்கிட்டே பாத்துட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை கடைய மூடலாம்னு எனக்குத் தோணவே இல்ல. இப்பதான் தோணுச்சு."

நானும் இந்த ஊர்தான். எனக்கு மலை எப்போதும் ஏறுகிற இடம். பார்க்கிற இடமாக ஒருத்திக்கு இருந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை.

ஏப்ரல் 22, ஞாயிறு

இளஞ்சிவப்பு மலர்ப் புதர்கள். முதல் கணவாயைத் தாண்டி இரண்டாவது கணவாய் வரை வந்தாள். புல்வெளியில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கே நின்று சந்தை எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"என் கடை இவ்வளவு சின்னதா அக்கா?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவளோடு சிரித்தேன் என்று இன்று எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

பையிலிருந்து சோற்றுச் சுருள் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பூண்டுத்தண்டு ஊறுகாய். பாராட்டக் கூடாது என்று இருந்தேன். மூன்றாவதையும் சாப்பிட்ட பிறகு அதற்கு அர்த்தமில்லை.

ஜூன் 24, ஞாயிறு

இதை விவரமாக எழுத வேண்டும்.

வெயில் காலத்தில் குழு உச்சிக்குப் போவதில்லை. ஓடைப் பள்ளத்தில் போய்த் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். தர்பூசணி, அரிசிக்கள், வெங்காய அடை. கிதே இரண்டு கிண்ணம் குடித்திருந்தார். போங்ஹீ காலணியைக் கழற்றி ஓடையில் காலை வைத்தாள்.

"எல்லாரும் பையத் தூக்கிக்கோங்க," என்றார் கிதே. "இவ கால வெச்சா ஓடை கரை ஏறிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பழக்கத்தில் நானும் சிரித்திருப்பேன். எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! என் காலத்தில் எனக்கு 'கெட்டில்' என்று பெயர் — எப்போதும் உஸ்ஸென்று கொதிக்கிறேனாம். இதே குழுவில், இதே ஓடையில் சொல்லுவார். இருபத்திரண்டு வருஷம் நானும் கூடச் சிரித்து, வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டியிருக்கிறேன்.

போங்ஹீ தர்பூசணித் துண்டைக் கல்லின் மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "அந்தப் பக்கம் உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கல."

கிதே சிரித்துக்கொண்டே, "என்ன, விளையாட்டுக்குச் சொன்னா—"

"விளையாட்டுன்னா எனக்கும் சிரிப்பு வரணும்ல? வரலயே. இனிமே சொல்லாதீங்க."

குரலை உயர்த்தவில்லை. கோபம்கூடத் தெரியவில்லை. கடையில் ஒருவரிடம் இது நேற்று அரைத்தது, இது இன்று அரைத்தது என்று சொல்கிற குரல். சொல்லிவிட்டுத் தர்பூசணியை எடுத்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். விதையைக் கையில் துப்பி ஓரமாக வைத்தாள். கிதே கிண்ணத்துக்குள் பார்த்தபடி, "சரி" என்றார்.

சரி! அந்தச் சொல் அவர் வாயில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. பொறாமையா? இருக்கலாம். ஆனால் அவர்மேல் இல்லை. அவளைப் பார்த்துத்தான். அதைப் பொறாமை என்று சொல்ல முடியுமா? வேறு ஒரு சொல் இருக்க வேண்டும்.

ஜூலை 29, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. குழுவுக்கு விடுமுறை. எங்கள் இருவருக்கும் இல்லை. காலையிலேயே கோயில் வரை போய்வந்தோம்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க ஏன் அவரை விட்டீங்க?"

"அது உனக்கு எதுக்கு?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு. முன்னாடி போன வண்டி எங்க பள்ளத்துல விழுந்துச்சுன்னு பாத்தா நல்லதுதான?"

சொன்னேன். பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதை முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். அடியில்லை, வேறு பெண்ணில்லை. எப்போதும் முன்னால் நடந்தார், அவ்வளவுதான். மலையில் மட்டுமில்லை, கடைத்தெருவில், ஆஸ்பத்திரி வராந்தாவில், என் அம்மாவின் சாவுக்குப் போனபோதுகூட.

"ஆளு கெட்டவரில்ல. கழுத்துதான் திரும்பாது," என்றாள்.

செப்டம்பர் 23, ஞாயிறு

அறுவடைத் திருநாளுக்கு ஒரு பெரிய பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். எள்ளிலை ஊறுகாய், சுட்ட கருவாடு, அடை வகைகள்.

டாசோம் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தம்மா செஞ்சதையா சாப்பிடற? உனக்கு வெக்கமா இல்ல?"

"கருவாடு நல்லா இருக்கே. என்ன பண்ணச் சொல்ற?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பார்த்தால் எள்ளிலை டப்பா பாதி காலி. நான் எடுக்கவில்லை.

நவம்பர் 13, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். இடது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. நேற்று அறுவைச் சிகிச்சை. தகடு வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சேயின் என்கிற பாறைமுகடு. ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும், கம்பிப் பிடி போட்டிருக்கும். இத்தனை மாதங்களில் ஒரு முறையும் போங்ஹீ அதன் மேல் போனதில்லை. கீழே மரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுவழி உண்டு. அவளும் கடைசி ஆளான நானும் எப்போதும் அதில்தான். ஞாயிறன்று அவளாகவே, "அக்கா, இன்னிக்கு மேல் வழியா," என்றாள். மற்றவர்கள் அப்போதே வெகுதூரம் போயிருந்தார்கள். முந்தின நாள் மழை. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

தவழ்ந்துதான் போனாள். கையும் முழங்காலுமாக. வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். கவனித்தால், கடைச் சாமான். "எள்ளிலை... முள்ளங்கி... பூண்டுத்தண்டு... நெத்திலி... தாமரைக்கிழங்கு..." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை முன்னால். பாறையின் அந்தப் பக்கம் போய் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு கடைசிப் படியில் காலை வைத்தேன். நனைந்த கருவாலி மர இலை, வழுக்கிவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவசர உதவி எண் 119-க்குப் போன் செய்தோம். மேகத்தில் ஹெலிகாப்டர் வர முடியாது, ஆட்கள் கோயில் பக்கமிருந்து நடந்து வருகிறார்கள், கதகதப்பாக இருங்கள் என்றார்கள். எப்படி இருப்பது? மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பாறை உச்சியில் ஒதுங்க இடமில்லை. எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. அவள் கிதேவுக்குப் போன் போட்டாள். அவர் எங்கே என்று நினைக்கிறீர்கள் — யாரைக் கேட்கிறேன்? — அடிவாரத்துப் பார்லிச் சோற்றுக் கடையில். "எங்க இருக்கீங்க, சோறு ஆறுது," என்றார். இவள் நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் கிண்ணத்தை வைக்கிற சத்தம். பிறகு, "வரேன்".

"அவங்க வரட்டும், இவரு வரட்டும், அதுவரைக்கும் இங்க இருந்தா நீங்க வெறச்சுப் போயிடுவீங்க," என்றாள் போங்ஹீ. "ஏறுங்க."

"எதுல?"

"முதுகுலதான். வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

"பைத்தியமா உனக்கு? மரத்தடிக்குப் போகணும்னா திரும்ப அந்தப் பாறையத் தாண்டணும்."

"தெரியும். இப்பதான தாண்டுனேன்."

"தவழ்ந்து போன!"

"கிம்ச்சிப் பானைய மாடிக்குத் தூக்குறவ நான். உங்களவிட அது கனம். சத்தம் போடாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

இரண்டு பேருடைய சட்டைக் கைகளையும் முடிச்சுப் போட்டு, குழந்தையைக் கட்டுவதுபோல என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். அவளுக்குக் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். எழுந்தாள். இந்தத் தடவை தவழ முடியாது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் நெஞ்சு அவள் முதுகில். அவள் இதயம் அடிப்பது என் இதயத்திலேயே அடிப்பதுபோல இருந்தது — அத்தனை வேகம். ஆனால் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. "எள்ளிலை," என்றாள். "முள்ளங்கி." ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது.

"அடுத்து என்னக்கா?"

"பூண்டுத்தண்டு," என்றேன்.

"ஆமா. பூண்டுத்தண்டு."

தாண்டிவிட்டோம். மரங்களுக்குள் வந்ததும் என்னை ஒரு அடிமரத்தில் சாய்த்து இறக்கிவிட்டு, அப்பால் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் இறங்கி இருந்துக்கலாம், காத்து வருது," என்று மறுபடி முதுகைக் காட்டினாள்.

மீட்பு ஆட்கள் அந்தச் சரிவில்தான் எதிரே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கிதே, மூச்சிரைக்க, தொப்பி இல்லாமல். எங்கள் இருவரையும் அந்தக் கோலத்தில் பார்த்தார். நனைந்த தலையோடு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், நோயாளிக்கு என்ன உறவு என்று.

"தங்கச்சி," என்றாள் போங்ஹீ.

நர்ஸ் அட்டையில் குடும்பப் பெயர்களைப் பார்த்தாள். "இவங்க யாங், நீங்க தோ. அப்பா வேறயா?"

"அப்பா வேற. புருஷன்தான் ஒண்ணு."

அந்த வலியிலும் சிரித்தேன். கால் அசைந்து உயிர் போயிற்று. மறுபடி சிரித்தேன்.

நவம்பர் 17, சனி

டாசோம் வந்தாள். வாசலில் போங்ஹீயைப் பார்த்தாள். கையில் கஞ்சித் தூக்கு. டாசோம் இடுப்பு வரை வளைந்து வணங்கினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

டிசம்பர் 9, ஞாயிறு

வீட்டில்தான். ஜன்னலோரம் கால் நீட்டி.

சோன் தலைவர் போன் செய்தார். என் இடத்தில் யார் கடைசியாக வருவது என்று குழுவில் பேச்சு வந்ததாம். போங்ஹீ, "அக்கா வர வரைக்கும் நான் வரேன்," என்றாளாம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "அந்தம்மா பின்னாடி வந்தா தைரியமா இருக்கும்மா," என்றார். ஜனவரியில் கைதட்டியவர்தான்.

டாக்டர் சொல்கிறார், சமதரையில் நடக்கலாம், மலை முகடுகளை இனி மறந்துவிடுங்கள் என்று. மறந்துவிடுவதாம். எதை?

ஜனவரி 20, ஞாயிறு

கைத்தடியோடு கோயிலடி வரை போனேன். எல்லோரும் மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கடையில் காத்திருக்கலாம் என்று. பனி போன வருஷத்தைவிடக் கம்மி.

கிதே முதலில் போனார். மற்றவர்கள் போனார்கள். போங்ஹீ கடைசியில். முதல் திருப்பத்தில் மூங்கில் புதரோரம் யாரோ நின்றுகொண்டு பனியில் காலை உதைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. யாருக்கோ காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். கிதே. அத்தனை பேரையும் முன்னால் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்ததும் சேர்ந்து நடந்தார்.

பிறகு சோற்றுக் கடையில் போங்ஹீயிடம் கேட்டேன், எப்படி என்று.

"சொன்னேன். நீங்க முன்னாடியே போறதா இருந்தா நான் மலையில வேற ஆளுகூட நடக்கிறேன்னு. நின்னுட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பாரா? தெரியாது. நான் சொல்லவில்லை. கொஞ்சம் வலித்தது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அந்தத் திருப்பத்தில் அவள் ஓடவில்லை, அவசரப்படவில்லை, தன் நடையிலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த நடையைத்தான் வீடு வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, சனி

போங்ஹீ ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். மே மாதம் சிரி மலை. முகட்டுக்கெல்லாம் போக வேண்டாம், மலையைச் சுற்றி ஊர் ஊராகப் போகிற கீழ்ப் பாதை இருக்கிறதாம். நானும் அவளும் மட்டும். "அவரு?" என்றேன். "அவரு கடையப் பாத்துப்பாரு. நெத்திலி பொரட்டக் கத்துக் குடுத்திருக்கேன்," என்றாள்.

சாயங்காலம் காலணிக் கடைக்குப் போனேன். தகடு வைத்த கால் வீங்கியே இருப்பதால் பழையது ஏறவில்லை. ஒரு அளவு பெரியதாகக் கேட்டேன். கடைக்காரர் என் கைத்தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதும் கேட்காமல் இரண்டு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"எந்தப் பருவத்துக்கு வேணும்?"

"எல்லாத்துக்கும்," என்றேன்.